நீங்க சொல்லாததை யார் முடிவு பண்றாங்க?

சமீபமா நமக்கு வர்ற கேள்விகள்ல திரும்பத் திரும்ப வர்றது இதுதான்: "எங்கிட்ட ஒரு ஐடியா இருக்கு. ஏஐயை வச்சு நானே ஒரு ஆப் கட்டிடலாமா? அதுக்கு கோடிங் தெரியணுமா?"

முதல் கேள்விக்கு என் பதில்: தாராளமா கட்டலாம். ரெண்டாவது கேள்விக்குப் பதில், அந்த ஆப்பை யார் நம்பிப் பயன்படுத்தப் போறாங்கங்கறதைப் பொறுத்தது. ஆனா இந்த ரெண்டையும் விட முக்கியமான மூணாவது கேள்வி ஒண்ணு இருக்கு, அதை யாரும் கேக்கறதில்ல. ஏஐகிட்ட நீங்க சொல்லாம விட்ட விஷயங்களை எல்லாம் யார் முடிவு பண்றாங்க?

இன்னைக்கு எபிசோட் முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் பிடிச்சுக்கிட்டுப் போகப்போறோம்.

வேகம் எங்கிருந்து வந்துச்சு?

கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கலாம். 2021 ஜூன்ல கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமா வந்தப்போ, நாம டைப் பண்ணிட்டு இருக்கற வரியை அது முடிச்சுக் கொடுத்துச்சு, அவ்வளவுதான். 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்துச்சு. கேட்டா கோட் எழுதிக் கொடுத்துச்சு, நாம காப்பி பண்ணி ஒட்டினோம். எரர் வந்தா அதையும் காப்பி பண்ணித் திரும்பக் கேட்டோம். யோசிச்சுப் பார்த்தா, அந்த நாட்கள்ல நாம செஞ்சது கூரியர் வேலை. இங்கேருந்து அங்கே, அங்கேருந்து இங்கே.

இப்போ இருக்கற கர்சர், க்ளாட் கோட், ரெப்ளிட், லவபிள் மாதிரியான டூல்ஸ் அந்த கூரியர் வேலையையும் எடுத்துக்கிச்சு. தானே ஃபைலைத் திறக்குது, கோட் எழுதுது, ஓட்டிப் பார்க்குது, எரர் வந்தா படிச்சுத் திருத்துது, மறுபடி ஓட்டுது. இந்தச் சுத்தைத்தான் ஏஜென்ட்னு சொல்றாங்க. வேகத்துக்குக் காரணமும் இந்தச் சுத்துதான். நீங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அது பத்து தடவை முயற்சி பண்ணி முடிச்சிருக்கும்.

2025 பிப்ரவரியில ஆந்த்ரே கர்பாத்தி இதுக்கு ஒரு பேர் வச்சார். ஓபன்ஏஐயை ஆரம்பிச்ச குழுவில ஒருத்தர், டெஸ்லாவோட ஏஐ பிரிவுக்குத் தலைமை தாங்கினவர் அவர். எக்ஸ் தளத்துல போட்ட ஒரு பதிவுல 'வைப் கோடிங்'ங்கற வார்த்தையைப் பயன்படுத்தினார். கோடைப் படிக்கவே படிக்காம, வேணுங்கறதை வாயால சொல்லி, வர்றதை அப்படியே ஏத்துக்கிட்டு, போற போக்குல கட்டறது. அந்த வருஷமே காலின்ஸ் அகராதி அதை ஆண்டின் சொல்லா அறிவிச்சுச்சு. அந்தப் பதிவுலயே அவர் இன்னொரு விஷயமும் சொன்னார். வாரக்கடைசியில விளையாட்டா செஞ்சு பார்த்துட்டுத் தூக்கிப் போடற ப்ராஜெக்ட்டுக்கு இது பரவாயில்லைன்னுதான் அவர் எழுதியிருந்தார்.

கேள்வி கேக்காத தையல்காரர்

ஒரு தையல்காரர்கிட்ட துணியைக் கொடுத்து "ஒரு சட்டை தச்சுக் கொடுங்கண்ணே"ன்னு மட்டும் சொல்லிப் பாருங்க. அவர் விடமாட்டார். அரைக்கையா முழுக்கையா? பாக்கெட் ஒண்ணா ரெண்டா? உள்ளே விட்டுப் போடுவீங்களா, வெளிய விடுவீங்களா? அளவுச் சட்டை கொண்டு வந்திருக்கீங்களா? இத்தனையும் கேட்டுட்டுத்தான் கத்தரியைத் தொடுவார்.

ஏஐ டூல்ஸ் பெரும்பாலும் கேக்காது. "ஒரு சட்டை"ன்னு சொன்னா அடுத்த அஞ்சு நிமிஷத்துல சட்டை வந்துடும். அரைக்கையா முழுக்கையாங்கறதை அதுவே முடிவு பண்ணியிருக்கும். எதை வச்சு? அது படிச்ச கோடிக்கணக்கான வரிகள்ல எது அதிகமா இருந்துச்சோ, அதை வச்சு. சுருக்கமா சொன்னா, நீங்க சொல்லாத இடத்தையெல்லாம் உலகத்தோட சராசரி வந்து நிரப்பும்.

இதுக்கு ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கு. ஏஐ கட்டின வெப்சைட்கள்ல பாதிக்குப் பாதி ஊதா நிறத்துல இருக்கறதைக் கவனிச்சிருக்கீங்களா? ஊதா பட்டன், ஊதாவுல இருந்து நீலத்துக்குப் போற பின்னணி. டெயில்விண்ட்னு ஒரு டிசைன் கருவி இருக்கு, வெப் டெவலப்பர்களுக்கு நல்லாத் தெரியும். அதை உருவாக்கின ஆடம் வாதன் 2025ல விளையாட்டா ஒரு மன்னிப்புக் கேட்டார். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அவங்களோட மாதிரி பட்டன்களுக்கெல்லாம் இண்டிகோ நிறத்தை வச்சதாகவும், அதனாலதான் இப்போ ஏஐ கட்டற எல்லா ஸ்க்ரீனும் இண்டிகோவா இருக்குன்னும் சொன்னார். யாரோ ஒருத்தர் என்னைக்கோ எதேச்சையா எடுத்த ஒரு முடிவு, கோயம்புத்தூர்ல நீங்க கட்டற பேக்கரி ஆப்போட பட்டன்ல வந்து உக்காந்திருக்கு.

நிறம்ங்கறதால சிரிச்சிட்டுப் போயிடலாம். ஆனா பணத்துலயும் இதேதான் நடக்குது.

பணம் கட்டினது யார்?

வைப் கோடிங்னு பேர் வச்ச கர்பாத்தியே 2025ல மெனுஜென்னு ஒரு ஆப் கட்டினார். ஹோட்டல் மெனு கார்டை போட்டோ எடுத்தா, அதுல இருக்கற ஒவ்வொரு உணவும் பார்க்க எப்படி இருக்கும்னு படம் வரைஞ்சு காட்டற ஆப். அதைக் கட்டின அனுபவத்தை விரிவா எழுதியிருக்கார். அவரோட லேப்டாப்ல ஓடற டெமோ வர்ற வரைக்கும் ஒரே கொண்டாட்டம். அதை நிஜமான ஆளுங்க பயன்படுத்தற மாதிரி இன்டர்நெட்ல ஏத்தறதுதான் திண்டாட்டம். லாகின், பேமெண்ட், ஏபிஐ சாவிகள், சர்வர் செட்டிங்ஸ்னு ஒவ்வொரு டேபா தாவிக்கிட்டே இருந்ததைச் சொல்றார்.

அதுல ஒரு சின்ன விஷயம் என் மனசுல ஒட்டிக்கிச்சு. ஆப்ல ஒருத்தர் கூகுள் கணக்கு மூலமா லாகின் பண்றார். படம் வரையறதுக்கு ஸ்ட்ரைப் வழியா பணம் கட்டறார். அந்தப் பணம் யாரோட கணக்குல சேரணும்? ஏஐ அதுவா ஒரு வழி கண்டுபிடிச்சுச்சு: பணம் கட்டும்போது கொடுத்த ஈமெயிலையும் லாகின் பண்ண ஈமெயிலையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சேர்த்துடலாம்.

கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தர் ஆபீஸ் ஈமெயில்ல லாகின் பண்ணிட்டு, சொந்த ஈமெயிலைக் கொடுத்துப் பணம் கட்டினா? பணம் போயிருக்கும், கணக்குல எதுவும் வந்திருக்காது. கர்பாத்தி இதைச் சுட்டிக்காட்டினதும் ஏஐ உடனே மன்னிப்புக் கேட்டுட்டு, ஒவ்வொரு பயனருக்கும் தனி அடையாள எண் வச்சுச் சரியா மாத்திக் கொடுத்துச்சு.

கவனிங்க, இதுல எரர் எதுவும் வரல. ஆப் நல்லாத்தான் ஓடுச்சு. டெமோவுல ஒரே ஆள், ஒரே ஈமெயில். அங்கே இந்தப் பிரச்சினை தெரிஞ்சே இருக்காது. திருத்தத் தெரியாததுனால ஏஐ தப்பா எழுதல. சொன்னதும் ஒரு நிமிஷத்துல திருத்திடுச்சு. "ரெண்டு ஈமெயில் வேற வேறயா இருந்தா என்ன ஆகும்?"னு கேக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். அந்த ஆளா நீங்க இருக்கணும்.

மெஸ் கணக்கு

இதெல்லாம் சான் ஃபிரான்சிஸ்கோ கதையாவே இருக்கேன்னு நினைக்கறவங்களுக்காக, நம்ம ஊர்க் கணக்கு ஒண்ணைச் சொல்றேன். ஓஎம்ஆர் பக்கம் நான் சாப்பிடற மெஸ்ல 60 பேர் போல மாசக் கணக்கு வச்சிருக்காங்க. மெஸ் அக்கா எல்லாத்தையும் ஒரு நீளமான நோட்டுலதான் எழுதி வைப்பாங்க. அதை ஒரு ஆப்பா மாத்திப் பார்க்கலாமான்னு கேட்டேன். "பண்ணு தம்பி, நோட்டு பாட்டுக்கு நோட்டு இருக்கட்டும்"னு சொன்னாங்க. அந்த ஒரு வாக்கியத்துல ஒரு பெரிய பாடம் இருக்கு, கடைசியில வர்றேன்.

"மாசக் கணக்கு வச்சிருக்கற மெஸ்ஸுக்கு ஒரு ஆப் வேணும், யார் எத்தனை சாப்பாடு சாப்பிட்டாங்கன்னு குறிக்கணும், முன்பணத்துல இருந்து கழிக்கணும்"னு மூணு வரியில சொன்னேன். அரை மணி நேரத்துல ஸ்க்ரீன் வந்துடுச்சு. லாகின், டேஷ்போர்டு, அழகான வரைபடம் எல்லாம். அதை நான் மெருகேத்தவே இல்ல. அன்னைக்குச் சாயங்காலமே அப்படியே கொண்டுபோய் அக்காகிட்ட காட்டினேன். ஏஐ நமக்குத் தெரியாம என்னென்ன முடிவு எடுத்திருக்குன்னு கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்ல.

முதல் விஷயம் லாகின். சாப்பிட வர்ற ஒவ்வொருத்தரும் மொபைல் நம்பர் போட்டு, ஓடிபி வாங்கி உள்ளே போகணும்னு அதுவே வச்சிருந்துச்சு. மதியம் ஒரு மணிக்கு மெஸ் வாசல்ல நின்னு பார்த்திருந்தா அது அப்படி வச்சிருக்காது. ஒரு கையில சாம்பார் வாளி, இன்னொரு கையில கரண்டி. இலைக்கு முன்னாடி உக்காந்தவன் ஓடிபிக்காகக் காத்துட்டு இருப்பானா? அங்கே வேண்டியது வாசல்ல ஒரு பழைய டேப்லெட், அதுல பெருசு பெருசா பேர்கள், ஒரு தொடுதல். வரைபடம் யாருக்கும் வேண்டாம்.

ரெண்டாவது, மொபைல் நம்பர்தான் ஆளோட அடையாளம்னு அது எடுத்துக்கிச்சு. ஆனா ஒரே ரூம்ல இருக்கற மூணு பேருக்கு ஒரே கணக்கு. பணம் போடறவன் ஒருத்தன், சாப்பிடறவங்க மூணு பேர். இன்னொரு பையனுக்கு திருநெல்வேலியில இருந்து அவங்க அப்பா ஜிபே பண்ணிவிடுவார். பணம் வர்றது அப்பா பேர்ல, சாப்பிடறது பையன். மெனுஜென் ஆப்ல ஈமெயில்ல வந்த அதே சிக்கல், இங்கே மொபைல் நம்பர்ல வந்து நிக்குது. அக்காவோட நோட்டுல இந்தச் சிக்கலே கிடையாது. "செவப்பு பைக் தம்பி, அப்பா போடுவார்"னு எழுதி வச்சிருக்காங்க.

மூணாவதுதான் என்னை உலுக்கிடுச்சு. முன்பணம் தீர்ந்தா அந்தப் பேர் சிவப்பா மாறி, 'இருப்பு இல்லை'ன்னு காட்டி, தொட முடியாதபடி பூட்டிக்கிச்சு. ஏஐ பார்வையில இது ரொம்பச் சரியான முடிவு. அது படிச்ச எல்லா ஆப்பும் அப்படித்தான். ரீசார்ஜ் தீர்ந்தா போன் வேலை செய்யாது, சந்தா முடிஞ்சா படம் ஓடாது.

அக்கா அதைப் பார்த்துட்டு ஒரு நிமிஷம் பேசாம இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "மாசக் கடைசியில பசங்க கையில காசு இருக்காது தம்பி. சம்பளம் வந்ததும் கொடுத்துடுவாங்க. அதுக்காக, தட்டு முன்னாடி உக்காந்தவனை எந்திரிச்சுப் போன்னா சொல்ல முடியும்?"

அப்போ பணம் தராதவங்களை என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். "பத்து நாள் பார்ப்பேன். அப்புறம் தனியா கூப்பிட்டுக் கேப்பேன். எல்லார் முன்னாடியும் கேக்கக் கூடாது." இதுதான் அந்த மெஸ்ஸோட கடன் கொள்கை. எந்த நோட்டுலயும் எழுதி வைக்கல, அவங்க மனசுல இருக்கு. நான் போட்ட மூணு வரியில அது இல்ல, அதனால சராசரி வந்து அந்த இடத்துல உக்காந்துச்சு. அந்தச் சராசரிக்கு ஒரு பையன் எல்லார் முன்னாடியும் அவமானப்படுவாங்கறது தெரியாது.

இப்போ அந்த ஆப்ல சிவப்பு நிறம் கிடையாது. பாக்கி வச்சிருக்கறவங்க பட்டியல் அக்காவோட போன்ல மட்டும், பத்து நாள் தாண்டினா மட்டும் வரும். இதை மாத்தறதுக்கு ஏஐக்கு ஆன நேரம் ரெண்டு நிமிஷம். ஆனா இதைத்தான் மாத்தணும்னு தெரிஞ்சுக்க, அந்த மெஸ் பெஞ்சுல உக்கார வேண்டியிருந்துச்சு.

மிச்சமான நேரத்தை எங்கே போடறது?

ஃபிரெட் புரூக்ஸ்னு ஒருத்தர். ஐபிஎம்ல பெரிய சிஸ்டம்கள் கட்டினவர். 1986ல ஒரு புகழ்பெற்ற கட்டுரையில, சாஃப்ட்வேர்ல இருக்கற கஷ்டத்தை ரெண்டா பிரிச்சார். ஒண்ணு, நாம பயன்படுத்தற கருவிகளால வர்ற கஷ்டம். இன்னொண்ணு, அந்த வேலைக்குள்ளயே இருக்கற கஷ்டம், அதாவது என்ன கட்டணும்னு சரியாத் தீர்மானிக்கறது. கருவி எவ்வளவு நல்லாயிட்டே போனாலும் முதல் கஷ்டம்தான் குறையும், ரெண்டாவது அப்படியே இருக்கும்னு அவர் வாதாடினார். ஏறக்குறைய 40 வருஷம் கழிச்சு, முதல் கஷ்டம் குறையற வேகத்தை நாம கண்ணால பார்க்கறோம். அந்த ரெண்டாவது கஷ்டம்தான் மெஸ் பெஞ்சுல உக்காந்திருக்கு.

அதனால ஏஐ கொடுக்கற வேகத்தை ரெண்டு விதமா செலவு பண்ணலாம். சீக்கிரமா முடிக்கறதுக்கு செலவு பண்ணலாம், சீக்கிரமா கேக்கறதுக்கு செலவு பண்ணலாம். முன்னாடியெல்லாம் ஒரு மாசம் உழைச்சுத்தான் முதல் மாதிரியைக் காட்ட முடியும். அதுக்குள்ள அது மேல நமக்கு ஒரு பாசம் வந்துடும். யாராவது குறை சொன்னா கோவம் வரும். இப்போ அரை மணி நேரத்துல வந்த ஸ்க்ரீன் மேல என்ன பாசம்? கிழிச்சுப் போட்டுட்டு வேற கட்டலாம். ஒரே நாள்ல மூணு மாதிரி காட்டலாம். ஏஐயோட உண்மையான லாபம் இதுதான்னு நான் நினைக்கறேன்.

நான் கடைப்பிடிக்கற சில வழக்கங்களைச் சொல்றேன், உங்களுக்கு உதவலாம்.

முதல் வழக்கம்: கட்டச் சொல்றதுக்கு முன்னாடி கேள்வி கேக்கச் சொல்வேன். "இன்னும் கோட் எழுதாதே. இதைக் கட்டறதுக்கு நீ என்னென்ன விஷயங்களை அனுமானிக்கப் போறே, பட்டியல் போடு"ன்னு கேட்டா, தையல்காரர் கேக்கற கேள்வியெல்லாம் வரும். எல்லாத்துக்கும் உங்ககிட்ட பதில் இருக்காது. பதில் இல்லாத கேள்விகளை எடுத்துக்கிட்டு, அந்த ஆப்பை நிஜமா பயன்படுத்தப் போறவங்ககிட்ட போங்க.

ரெண்டாவது: எடுத்த முடிவுகளை ஒரு பக்கத்துல, சாதாரணத் தமிழ்லயே எழுதி வைப்பேன். 'பணம் தீர்ந்தாலும் சாப்பாடு உண்டு.' 'ஊருக்குப் போறவங்க முந்தின நாள் ராத்திரி 8 மணிக்குள்ள சொன்னா கழிக்கக் கூடாது.' அந்தப் பக்கத்தை ஒவ்வொரு தடவையும் ஏஐக்குக் கொடுப்பேன். புதுசா ஒரு உரையாடல் தொடங்கினா அதுக்கு நேத்து பேசினது ஞாபகம் இருக்கும்னு நம்பி இருக்க முடியாது. இந்தப் பக்கம் இருந்தா, நாளைக்கு வேற டூலுக்கு மாறினாலும் கவலை இல்ல. கோட் தொலைஞ்சாக்கூடத் திரும்ப எழுதிக்கலாம். இந்தப் பக்கம் தொலைஞ்சா மறுபடி முதல்ல இருந்து எல்லார்கிட்டயும் கேக்கணும்.

மூணாவது: சோதனைக்கு அழகான டேட்டா கொடுக்க மாட்டேன். ஏஐகிட்ட விட்டா 'ஜான் டோ'ன்னு ஒருத்தரைத்தான் உருவாக்கும். நம்ம ஊர்ல ஒரே மெஸ்ல மூணு கார்த்திக் இருப்பான். ஒருத்தனுக்குப் பேரோட இனிஷியல் முன்னாடி, இன்னொருத்தனுக்குப் பின்னாடி. பேரைத் தமிழ்ல எழுதினா பட்டனுக்குள்ள அடங்காம வெளிய வழியும். நிஜத்துல எவ்வளவு குழப்பம் இருக்கோ, அவ்வளவு குழப்பத்தையும் முதல் நாளே உள்ளே கொட்டுங்க.

எங்கே நிக்கணும்?

இப்போ கொஞ்சம் சீரியஸான பகுதி. ஒரு நண்பன்கிட்ட காட்டற டெமோவுக்கும், மத்தவங்களோட பணமும் தகவலும் இருக்கற ஆப்புக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. அந்தக் கோட்டைத் தாண்டும்போது ஏஐ எடுத்த முடிவுகளை ஒரு மனுஷன் படிச்சே ஆகணும்.

ரெண்டு சம்பவம் சொல்றேன். 2025ல ஆய்வாளர்கள் லவபிள் மூலமா உருவான 1,645 ஆப்களைச் சோதிச்சுப் பார்த்தாங்க. அதுல 170 ஆப்கள்ல டேட்டாபேஸ் சரியாப் பூட்டப்படாம, பயனர்களோட தகவல்களை வெளியாட்கள் எடுக்க முடியற நிலையில இருந்துச்சு. டேட்டாபேஸ்ல 'இந்த வரியை இவர் மட்டும்தான் பார்க்கலாம்'னு ஒவ்வொரு வரிக்கும் பொருந்தற மாதிரி விதி எழுதணும். அது விடுபட்டா எரர் வராது. ஆப் ஜோரா ஓடும், கதவு மட்டும் திறந்து கிடக்கும்.

ரெண்டாவது, அதே வருஷம் ஜூலையில நடந்தது. சாஸ்டர்ங்கற அமைப்பை நடத்தற ஜேசன் லெம்கின், ரெப்ளிட் ஏஜென்ட்டை வச்சு நாள் கணக்கா ஒரு ஆப் கட்டிட்டு இருந்தார். எதையும் மாத்தாதேன்னு அவர் தெளிவா சொல்லியிருந்தும், ஏஜென்ட் நிஜமான டேட்டாபேஸை அழிச்சுடுச்சு. திரும்ப மீட்கவும் முடியாதுன்னு வேற சொல்லுச்சு. ஆனா அவர் முயற்சி பண்ணிப் பார்த்தப்போ மீட்க முடிஞ்சுது. ரெப்ளிட் தலைவர் வெளிப்படையா வருத்தம் தெரிவிச்சு, சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் தனித்தனியாப் பிரிக்கற ஏற்பாட்டை அறிவிச்சார். "தொடாதே"ன்னு ப்ராம்ப்ட்ல எழுதறது வேண்டுகோள். தொட முடியாதபடி வைக்கறதுதான் பூட்டு. வேண்டுகோளை நம்பி அடுத்தவங்க டேட்டாவை வைக்காதீங்க.

இந்தியாவுல 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு. தகவலைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் விதிக்க அதுல இடம் இருக்கு. "ஏஐதான் எழுதுச்சு"ங்கறது அங்கே பதிலாகாது.

அதனால லாகின், பணம், அடுத்தவங்க தகவல், எதையாவது நிரந்தரமா அழிக்கறது, இந்த நாலு இடத்துல மட்டும் நின்னு ஒவ்வொரு வரியா படிங்க. புரியலைன்னா புரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க. மெஸ் ஆப்ல பணம் கட்டற வசதியையே நான் வைக்கல. ஜிபே ஏற்கனவே அதை நல்லா செய்யுது. நாம கணக்கை மட்டும் குறிச்சா போதும். எதைக் கட்ட வேண்டாம்ங்கறதும் ஒரு முடிவுதான். அதையும் ஏஐ உங்களுக்காக எடுக்காது. கேட்டதைக் கட்டிக் கொடுக்கத்தான் அது இருக்கு.

நிஜமாவே வேகம் கூடுதா?

இதை அளந்து பார்த்தவங்க இருக்காங்க. மெட்ர்ங்கற ஆய்வு அமைப்பு 2025ல 16 அனுபவசாலி டெவலப்பர்களை வச்சு ஒரு சோதனை நடத்துச்சு. அவங்க வருஷக்கணக்கா வேலை பார்த்த ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்கள்ல, மொத்தம் 246 வேலைகள். சிலதுக்கு ஏஐ பயன்படுத்தலாம், சிலதுக்குக் கூடாது. ஏஐ இருந்தா 24 சதவீதம் நேரம் மிச்சமாகும்னு ஆரம்பத்துல எதிர்பார்த்தாங்க. வேலை முடிஞ்சதும், 20 சதவீதம் மிச்சமாச்சுன்னு நம்பினாங்க. கடிகாரம் சொன்னது வேற. ஏஐ பயன்படுத்தினப்போ 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆகியிருந்துச்சு.

இதை வச்சு ஏஐ வீண்னு முடிவு கட்டக்கூடாது. அது அந்த வருஷத் தொடக்கத்து டூல்ஸ். அந்த ஆளுங்களுக்கு அந்த கோட் அத்துப்படி, அவங்க மனசுலயே பாதி விடை இருந்துச்சு. புதுசா ஒண்ணைக் கட்டறப்போ நிலைமை வேற. ஆனா ஒரு எச்சரிக்கையை எடுத்துக்கலாம்: வேகமா போற உணர்வும், வேகமா போறதும் ஒண்ணு இல்ல. ஸ்க்ரீன்ல வரிகள் ஓடறதைப் பார்க்கறப்போ வேலை நடக்கற மாதிரித்தான் இருக்கும். அதனால நான் எண்ணறது வேற ஒண்ணை. இந்த வாரம் எத்தனை தடவை நிஜமான ஆள்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன்? அந்த எண் கூடுதுன்னா வேகம் கூடுது.

காலேஜ்ல இருக்கறவங்களுக்கு

"அப்போ நாங்க படிக்கற கோடிங் எல்லாம் வீணா?"ன்னு கேக்கறவங்க நிறைய. கணக்கு டீச்சர்கிட்ட கால்குலேட்டர் வந்துடுச்சேன்னு சொன்னா என்ன சொல்வாங்க? விடை எவ்வளவு வரும்னு தோராயமாத் தெரிஞ்சவனுக்குத்தான் கால்குலேட்டர் உதவும்னு சொல்வாங்க. இதுவும் அப்படித்தான். டேட்டாபேஸ் எப்படி வேலை செய்யுது, லாகின் எப்படி நடக்குது, பழைய நிலைக்குத் திரும்பறதுக்கு கிட் எப்படி உதவுது, இந்த மூணையும் ஆழமாப் படிங்க. ஒரு நிரல்மொழியையாவது படிச்சுப் புரிஞ்சுக்கற அளவுக்குக் கத்துக்கோங்க. எழுதறது ஏஐயா இருந்தாலும், பொறுப்பு உங்க பேர்லதான்.

அதோட இன்னொரு திறமையும் வேணும்: ஒருத்தர் வேலை செய்யறதைப் பக்கத்துல உக்காந்து பார்க்கறது. மருந்துக்கடை, டெய்லர் கடை, உங்க அம்மா வீட்டுக் கணக்கு எழுதற நோட்டு, எதுவா இருந்தாலும் சரி. அங்கெல்லாம் யாரும் எழுதி வைக்காத விதிகள் நூறு இருக்கும். இன்டர்நெட்ல இல்லாததால, ஏஐ அதைப் படிச்சிருக்கவே முடியாது. உங்களுக்கும் ஏஐக்கும் நடுவுல உங்ககிட்ட மட்டும் இருக்கற சொத்து அதுதான்.

அக்கா சொன்ன அந்த வாக்கியம்: "நோட்டு பாட்டுக்கு நோட்டு இருக்கட்டும்." முதல் ஒரு மாசம் ஆப்லயும் குறிச்சாங்க, நோட்டுலயும் எழுதினாங்க. ராத்திரி ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். எங்கே ஒத்துப் போகலையோ, அங்கே நாங்க இன்னும் பேசாத விதி ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். கம்பெனிகள் இதுக்குப் பெரிய பெரிய பேர் வச்சிருக்காங்க. அக்காவுக்கு அது இயல்பாவே வந்துச்சு.

இந்த வாரத்துக்கு உங்களுக்கு ஒரு வேலை தர்றேன். உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட ஒரு சின்னத் தலைவலியை எடுத்துக்கோங்க. மூணு வரி ப்ராம்ப்ட் போட்டு ஒரு மாதிரி கட்டுங்க. கட்டி முடிச்சதும் யாருக்கும் அனுப்பாதீங்க. நேர்ல கொண்டுபோய் அவங்க கையில கொடுத்துட்டு, எதுவும் பேசாம பத்து நிமிஷம் பாருங்க. நீங்க சொல்லாம ஏஐ எடுத்த முடிவுகள்ல அஞ்சையாவது கண்டுபிடிச்சு எழுதி எனக்கு அனுப்புங்க. சுவாரஸ்யமானதை அடுத்த எபிசோட்ல எல்லாரும் சேர்ந்து பேசலாம்.